ஜெசிந்தாவின் கிட்டாருக்கு நான் போட்ட பிக்கப்

1. கேட்டது ஒன்று

ஜெசிந்தா என் பட்டறைக்கு வந்தபோது தனக்கு வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ராயப்பன்பட்டிக்காரர். உத்தமபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் பழகியவர், முருகவேல் என்பவர் நடத்தும் மெல்லிசைக் குழுவில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். அதுவரை இரவல் கிட்டார்தான். இனி தன் கைக்கென்று ஒன்று செய்துகொள்ள வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார்.

கழுத்து மெலிசாக இருக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்: ஹம்பக்கர் பிக்கப்.

“நாங்க வாசிக்கிறது பூராம் கோயில் மேடையும் கல்யாண மண்டபமும்தாண்ணே. சீரியல் லைட்டு, ஜெனரேட்டரு எல்லாம் பக்கத்துலயே ஓடும். இரைச்சல் மட்டும் வரவே கூடாது.”

“போட்டுருவோம்மா” என்றேன்.

இளைஞர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தமும், அதைச் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருளான காயிலும் சேர்ந்ததுதான் பிக்கப். கம்பியின் அதிர்வை அது வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. ஒரே காயில் இருந்தால் அது சிங்கிள் காயில், சத்தம் தெளிவாக, மணி மாதிரி இருக்கும். ஆனால் பக்கத்தில் ஓடும் கரண்ட்டின் இரைச்சலையும் அது வாங்கிக்கொள்ளும். ஹம்பக்கரில் இரண்டு காயில்கள். ஒன்றில் வரும் இரைச்சலை இன்னொன்று அடித்துவிடும். ஜெசிந்தா கேட்டது சரியான பிக்கப். நான் சொல்லிக்கொடுக்க அதில் எதுவும் இருக்கவில்லை.

2. போட்டது ஒன்று

கிட்டார் செய்வதற்கு முன்னால் தேனியில் முப்பது வருஷம் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டினேன். ஜெசிந்தா வந்த மாதத்தில்தான், பழைய தையல் மிஷின் மோட்டாரை வைத்து, பிக்கப் சுற்றுவதற்கு ஒரு மிஷின் செய்து முடித்திருந்தேன். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. எத்தனையோ முறை அறுந்து, கடைசியில் இரண்டு சிங்கிள் காயில் நன்றாக வந்தன. அவற்றைக் கிட்டார் கம்பி கட்டிய ஒரு பலகையில் மாட்டி மீட்டிப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. முழுக்க என் கையால் செய்த பிக்கப். அதைப் போட ஒரு கிட்டார் வேண்டும். பட்டறையில் ஒரு கிட்டார் தயாராகிக்கொண்டிருந்தது, அது ஜெசிந்தாவுடையது.

அவரிடம் போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. அவர் கிட்டாரின் மலைவேம்புப் பலகையில் சிங்கிள் காயில் அளவுக்குப் பள்ளம் தோண்டி, இரண்டையும் பதித்துவிட்டேன்.

கிட்டாரை வாங்க வந்த அன்று அவர் பார்த்தவுடனே கண்டுபிடித்தார். “இது ஹம்பக்கர் இல்லையேண்ணே?”

“அதவிட ஒசத்திம்மா. வாசிச்சுப் பாரு, அப்புறம் பேசு.”

அவர் வாசிப்பதற்கு முன்னால் நான் எழுந்துபோய் டியூப் லைட்டை அணைத்தேன். சுவரில் சொருகியிருந்த சார்ஜரையும் பிடுங்கினேன். “வெளிச்சம் கண்ணக் கூசுது” என்றேன். அது பொய். பட்டறையில் இரைச்சல் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அணைத்தேன். பிக்கப் சுத்தமாகப் பாடியது. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“நீங்க சொன்னாச் சரிதாண்ணே” என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

3. வீரபாண்டி

முருகவேல் குழுவில் அவருக்கு முதல் பெரிய மேடை வீரபாண்டித் திருவிழாவில் அமைந்தது. என் கிட்டார் பெரிய ஸ்பீக்கரில் பாடுவதைக் கேட்க, சாயங்காலம் ஐந்து மணிக்கே போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். ஜெசிந்தாவின் அம்மாவும் அண்ணனும் ராயப்பன்பட்டியிலிருந்து வந்து எனக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

முதல் பாட்டு நடக்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் சீரியல் லைட் எல்லாம் எரிய ஆரம்பித்தது. உடனே ஸ்பீக்கரில் இரைச்சல் கிளம்பியது. பாட்டு ஓடும்போது அவ்வளவாகத் தெரியவில்லை. பாட்டுக்கு நடுவே வாத்தியங்கள் நிற்கிற இடத்தில் எல்லாம் உர்ரென்று கேட்டது. சவுண்ட் செட்காரர் வயரை மாற்றிப் பார்த்தார். நிற்கவில்லை.

மூன்றாவது பாட்டில் ஜெசிந்தா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பினார். இரைச்சல் குறைந்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினார், அனேகமாக நின்றுவிட்டது. சிங்கிள் காயில் அப்படித்தான், நிற்கிற திசையைப் பொறுத்து இரைச்சல் கூடும், குறையும். யாரும் சொல்லிக்கொடுக்காமல், வாசித்துக்கொண்டே அவர் அதைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அப்படி நின்றால் கூட்டத்துக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் கீபோர்டில் இருந்த முருகவேல் அதட்டினார். அவர் முன்னால் இருந்த மைக் ஆனில் இருந்தது. “ஏம்மா, ஜனத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு என்ன வாசிப்பு? நேரா நில்லு!”

கூட்டம் சிரித்தது. ஜெசிந்தா நேராகத் திரும்பினார். இரைச்சலும் திரும்ப வந்தது.

இடைவேளையில் முருகவேல் மேடையை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். “அண்ணே, நீங்க செஞ்ச கிட்டாருதான? உர்ருன்னு உசுர வாங்குது. என்ன கோளாறு?”

ஜெசிந்தா கிட்டாரோடு மேடைப் படியில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும். அந்த அம்மாளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிக்கப்பை நான்தான் மாற்றிப் போட்டேன் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

நான் சொன்னது இது: “கிட்டாருல ஒண்ணும் இல்ல முருகவேலு. பட்டறையில கண்ணாடி மாதிரி இருந்துச்சு. வால்யூமக் கண்டபடி ஏத்தி வச்சா இப்படித்தான். புதுசா வந்த புள்ள, பழகணும்ல.”

ஜெசிந்தா என்னைப் பார்த்தார்.

“இந்தாம்மா, நீ அங்கிட்டு உக்காரு. கிட்டாரு பிட்ட எல்லாம் நானே கீபோர்டுல பாத்துக்கிறேன்” என்று முருகவேல் சொல்லிவிட்டார். மீதிக் கச்சேரி முழுவதும், புதுச் சேலை கட்டிக்கொண்டு, மடியில் கிட்டாரை வைத்தபடி, ஆயிரம் பேர் பார்க்க மேடை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு பாட்டுக்கு மேல் இருக்க முடியாமல் எழுந்து போனேன். போகும்போது அந்த அம்மாள் இருந்த பக்கம் திரும்பவில்லை.

4. உத்தமபாளையம்

அடுத்த வாரம் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் போய்விட்டது. அதற்குள் முருகவேல் ஜெசிந்தாவை நிறுத்திவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகுதான் பஸ் ஏறினேன்.

பரிசோதனை நிலையத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். கையுறையைக் கழற்றிக்கொண்டே ஜெசிந்தா வெளியே வந்தார்.

“கிட்டாரக் குடும்மா. ஹம்பக்கர் போட்டுக் குடுத்திர்றேன்” என்றேன்.

“மாத்திட்டேண்ணே. இதே அளவுலயே ஹம்பக்கர் வருதுல்ல, ஆன்லைன்ல வாங்குனேன். இங்கன ஒரு டிவி மெக்கானிக் சால்டர் பண்ணிக் குடுத்தாரு. இப்ப இரைச்சலே இல்ல.”

அவரே தொடர்ந்தார்.

“நீங்க சுத்துன காயில் நல்ல காயில்தாண்ணே. வீட்டுல தனியா வாசிச்சா அம்புட்டு நல்லாருந்துச்சு. ஆனா நான் வீட்டுல வாசிக்கக் கேக்கலையே.”

“தப்புத்தாம்மா.”

“அன்னைக்கு நான் மறுபடி நேராத் திரும்புனப்ப உங்களத்தான் பாத்தேன். நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டீக. உங்களுக்கு விசயம் தெரியும்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. எப்படியும் அவுக கேக்குறப்பச் சொல்லுவீகன்னு நெனச்சேன்.” கழற்றிய கையுறையை மடித்துக்கொண்டே சொன்னார். “வாசிக்கத் தெரியலன்னுதான் ஒன்ன உக்கார வச்சாகளான்னு அம்மா கேட்டாக. அதுக்கு நான் என்ன சொல்றதுண்ணே?”

“மன்னிச்சுக்கோம்மா” என்றேன்.

“என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அன்னைக்கு யாருகிட்ட மாத்திச் சொன்னீகளோ அவுககிட்டச் சொல்லுங்க.”

அவர் குரல் உயரவே இல்லை. நேரமாகிவிட்டது என்று உள்ளே போனார்.

5. ஒத்திகை

ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகவேல் குழு ஒத்திகை பார்க்கும் மாடிக்குப் போனேன். டிரம்ஸ்காரர், பாடகர்கள், சின்னமனூரிலிருந்து புதிதாக வந்திருந்த கிட்டார்காரர் எல்லோரும் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். அது இன்னொரு கோழைத்தனம் என்று பட்டது. எல்லோர் முன்னாலும் நின்று, அவர் கேட்டது என்ன, நான் போட்டது என்ன, லைட்டை அணைத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

பாட்டுப் பாடும் பெண்தான் முதலில் வாயைத் திறந்தார். “அந்தப் புள்ள வேன்ல திரும்பி வர்றப்பப் பூராம் அழுதுக்கிட்டே வந்துச்சுண்ணே. நாங்களும், வாசிப்புச் சரியில்லன்னுதான் நெனச்சோம்.”

முருகவேல் கீபோர்டை அணைத்துவிட்டு எழுந்தார். “இத அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா அந்தப் புள்ளைய உக்கார வச்சிருப்பனாண்ணே? உங்க பேச்ச நம்பித்தான உக்கார வச்சேன். இப்ப இவருக்கு வாக்குக் குடுத்து வரச் சொல்லியிருக்கேன். இவரை என்னன்னு சொல்லி அனுப்புறது?”

சின்னமனூர்க் கிட்டார்காரரைக் கைகாட்டினார். அன்று மாலையே முருகவேல் ஜெசிந்தாவுக்குப் போன் செய்து வருத்தம் சொன்னார். திரும்ப வரச் சொல்லி அவர் கூப்பிடவில்லை, ஜெசிந்தாவும் கேட்கவில்லை. ஒரு வருஷம் போல எந்த மேடையிலும் வாசிக்காமல் இருந்துவிட்டு, இப்போது கம்பத்தில் ஒரு குழுவில் வாசிக்கிறார் என்று சொல்கிறார்கள். என்னிடம் அவர் அதற்குப் பிறகு வரவில்லை.

எந்தப் பிக்கப் நல்லது என்று கேட்டு இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். எங்கே வாசிக்கப்போகிறாய் என்று முதலில் கேட்கிறேன். அதைத் தெரிந்துகொண்டால் பிக்கப் தேர்வு பெரிய வித்தை இல்லை. வாங்குபவர் இதுதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், என் ஆசையைப் பதிக்க அவர் பலகை இடமில்லை என்பதையும் கற்றுக்கொண்டேன். இதையெல்லாம் தயங்காமல் சொல்லிக்கொடுக்க முடிகிறது.

சொல்லக் கூசுவது இன்னொன்று. தப்பான பிக்கப்பை ஒரு டிவி மெக்கானிக் ஒரு மத்தியானத்தில் மாற்றிவிட்டார். வீரபாண்டியில் நான் சொன்ன வார்த்தையை அப்படி மாற்ற முடியவில்லை. மூன்று வாரம் கழித்துச் சொன்ன உண்மையால் என் மனம் கொஞ்சம் லேசானது. ஜெசிந்தாவுக்கு அதனால் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.