நெப்ரிஸ் செய்தாள்

சீதோனில் பிறந்த நெப்ரிஸை அக்குலேயா ஊருக்கு அடிமையாக விற்றபோது அவளுக்குக் கண்ணாடி ஊதும் குழல் பிடிக்கத் தெரியும். லத்தீனில் ஒரு சொல் தெரியாது. அவளை வாங்கிய தூரியுஸின் கண்ணாடிப் பட்டறையில் பாதி ஆயுள் போயிற்று. அவள் ஊதிய கண்ணாடிக் கிண்ணங்களில் ஊர்ப் பெரிய மனிதர்கள் மது குடித்தார்கள். அடியில் இருந்ததோ தூரியுஸின் பெயர்.

விடுதலை கிடைத்ததும் ஆற்றங்கரையில் சொந்தமாக ஓர் உலை போட்டாள். கல்தச்சனைப் பிடித்து, கிண்ண அச்சின் அடிக்கல்லில் எழுத்துகளைத் திருப்பி வெட்டச் சொன்னாள். உருகிய கண்ணாடியை அதில் இறக்கி ஊதினால் கிண்ணத்தின் அடியில் எழுத்து நேராக விழுந்தது: ‘நெப்ரிஸ் செய்தாள்.’

தூரியுஸ் வந்து நின்றார்.

“என்னடி இது? உன்னை விடுவிச்சவன் நான். என் பேரைப் போடு.”

“அதுக்குத்தான் தினம் காலையில உங்க வாசல்ல வந்து கும்பிடுறேனே, எஜமான். ஊதுறது என் மூச்சு. அதுக்கும் உங்க பேரா?”

“பொம்பள பேரு போட்ட கிண்ணத்துல எவன் குடிப்பான்?”

“இத்தனை வருஷமா குடிச்சீங்களே! பேருதான் தெரியாம இருந்துச்சு.”

மறுநாளே துறைமுக வியாபாரி உருக்குவதற்கான கண்ணாடிக் கட்டி தர மறுத்தான். “அவரைப் பகைச்சுக்க முடியாதும்மா” என்றான். உலை அணைந்தது. நெப்ரிஸ் ஆத்திரம் தீர அழுதாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மதுக்கடைக்காரி லுப்புலாவிடம் போனாள்.

“உடைஞ்ச கண்ணாடி இருந்தா குடுடி.”

“குப்பை பொறுக்கவா விடுதலை வாங்கின?”

“ஆமா. உன் குடிகாரங்களை இன்னும் நல்லா உடைக்கச் சொல்லு.”

வீடு வீடாக ஏறி இறங்கினாள். கிடைத்த சில்லுகளில் தூரியுஸ் பெயர் இருந்தவற்றைத்தான் முதலில் உலையில் போட்டாள். கலந்து உருகியதில் கிண்ணம் மங்கிய பச்சையாக வந்தது.

“குளத்துப் பாசி மாதிரில்ல இருக்கு!” என்றாள் லுப்புலா. ஆனாலும் கடைக்கு வாங்கினாள். படகுக்காரர்கள் அதில் குடித்தார்கள்; வடக்கே படை முகாம்களுக்கும் ஏற்றிப் போனார்கள்.

அது தெரிந்து தூரியுஸ் தன் காரியக்காரனை அனுப்பினார். “பிடிவாதம் வேண்டாம்மா. அந்தப் பேரை எடுத்துடு, நாளைக்கே வண்டி நிறையக் கண்ணாடிக் கட்டி வந்து இறங்கும்.”

நெப்ரிஸ் ஆறியிருந்த கிண்ணம் ஒன்றைத் துடைத்து அவன் கையில் வைத்தாள். “எஜமானுக்கு நான் குடுத்தேன்னு சொல்லு. குடிச்சு முடிச்சதும் கவுத்துப் பாக்கச் சொல்லு.”

தெளிந்த கண்ணாடி கடைசிவரை அவளுக்குக் கிடைக்கவில்லை. யாரிடமும் அவள் கேட்கவும் இல்லை.