அக்கா பூசாமல் விட்ட சுவர்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பெரும்பாலோர் வேங்கிக்காலில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் ஒரு முறையாவது நின்று, "இன்னும் பூச்சு வேலை முடியலையா?" என்று கேட்டிருப்பீர்கள். அந்த வீட்டை வரைந்து கட்டிய அக்காவைப் பொறுத்தவரை, குடிபுகும் முன்பே எல்லா வேலையும் முடிந்துவிட்டது. அது எப்படி என்று அவரிடமே பொறுமையாகக் கேட்டவர்கள் குறைவு. ஆகவே தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், வாடகைப் போர்ஷனில். அப்பா பாத்திரக்கடையில் வேலை பார்த்தார். அக்கா கல்லூரியில் சேர்ந்த வருடமே அவர் காலமானார். அதன்பின் அம்மாவின் தையல் மெஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. ரவிக்கை தைத்துத் தைத்தே மகளைச் சென்னையில் கட்டடக்கலை படிக்க வைத்தார் அம்மா. "பொட்டப் புள்ளைய கொத்தனார் வேலைக்கா படிக்க வெக்கிறீங்க அண்ணி?" என்று சித்தப்பா கேட்டபோது அம்மா மெஷினை நிறுத்தவே இல்லை.

கல்லூரியில்தான் நவீனம் என்ற ஒன்று அக்காவைப் பிடித்துக்கொண்டது. விடுமுறைக்கு வந்தால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பேசுவார். ஒரு பொருள் தன் வேலையைச் செய்தால் போதாதா, அரண்மனைச் சாமான் மாதிரி வேஷம் வேறு போட வேண்டுமா என்று மேல்நாட்டில் சிலர் கேட்டார்களாம். அந்தக் கேள்வி ஓவியத்துக்குள் போனது. மரத்தை மரமாகவே வரைந்துகொண்டிருந்தவர்கள் கோட்டையும் நிறத்தையும் மட்டும் வைத்து வரையத் துணிந்தார்கள். கட்டடத்துக்குள் போனது, தூணில் இருந்த பூவேலைகள் காணாமல் போயின, கான்கிரீட் கான்கிரீட்டாகவே நின்றது. நடனத்துக்குள்ளும் போனது, இறுக்கமான உடையையும் காலணியையும் கழற்றிப் போட்டு வெறுங்காலில் ஆடினார்கள்.

"வெறுங்கால்லதானடி நம்மூர்ல எப்பவும் ஆடறாங்க. இதுல இன்னா புதுசு?" என்றார் அம்மா. அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

புதுச்சேரியில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, செங்கம் சாலையில் ஒரு மாடி அறையில் சொந்த அலுவலகம் திறந்தார். வந்தவர்கள் முகப்பில் சிங்கம் கேட்டார்கள், தாமரை கேட்டார்கள், மாப்பிள்ளை வீட்டாரை மிரள வைக்கும்படி ஒரு வளைவு கேட்டார்கள். "வெயிலுக்கு என்ன பண்ணலாம்னு மொதல்ல பேசுவோங்க" என்பார் அக்கா. பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். இருந்தவர்களின் வீடுகள் சித்திரை வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கின்றன. டைல்ஸ் கடைக்காரர்கள் கொடுக்க வந்த கமிஷனை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. மணம் செய்துகொள்ளவில்லை, அது அவராக எடுத்த முடிவு.

பிறகுதான் அம்மாவுக்கென்று இந்த வீட்டைக் கட்டினார். செங்கல் செங்கல்லாகவே தெரியும் சுவர். வார்ப்புப் பலகையின் ரேகை அப்படியே பதிந்த கான்கிரீட் கூரை. அம்மாவின் கட்டிலில் படுத்தபடியே மலையைப் பார்க்கும்படி தாழ்வான, நீண்ட ஒரு ஜன்னல். கிரகப்பிரவேசத்தன்று அக்காவின் தோழி ஒருவர் நகையும் பாட்டும் இல்லாமல், சாதாரண நூல் சேலையில், கால் ஓசையை மட்டும் துணையாகக் கொண்டு ஆடினார். "பாட்டு ஏன் நின்னுபோச்சி, கரண்ட் இல்லையா?" என்று சித்தப்பா எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார், ஆனால் அவர் கண் அம்மாவின் முகத்திலேயே இருந்தது. வீடு நல்லா இருக்கு என்று அம்மா வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அம்மா, பாயசத்தில் வெல்லம் ஜாஸ்தி என்றார்.

அந்த ஆண்டு கார்த்திகை தீபம் வந்தது. அம்மா அகல் தட்டோடு வாசலுக்குப் போனார். முன்சுவரில் விளிம்பு இல்லை, திட்டு இல்லை. விளக்கு வைக்க இடமே இல்லை. தரையில் வரிசையாக வைத்தார். சாலைக் காற்றில் ஒவ்வொன்றாக அணைந்தது. மலை மேல் தீபம் எரிகிறது, தெரு முழுக்க விளக்கு, எங்கள் வீடு மட்டும் இருட்டு. அவ்வழியே போன ஒரு பெண் நின்று, "இன்னாமா, வூட்ல எதுனா துக்கமா?" என்று அக்கறையாகக் கேட்டார். சாவு விழுந்த வீட்டில்தானே எங்கள் ஊரில் அன்றைக்கு விளக்கு இருக்காது.

மறுநாள் காலை அம்மா தையல் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தேரடிச் சந்துக்கே திரும்பிவிட்டார். "இது உன் படிப்புக்குக் கட்ன வூடு பாப்பா. நான் இருக்கறதுக்கு இல்ல" என்று மட்டும் சொன்னார். அக்கா அன்று அலுவலகம் போகவில்லை. அந்தச் சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் என்னிடம், "தேவையில்லாதத எடுத்துடணும்னு படிச்சேன்டா. எது தேவைன்னு அம்மாவ ஒரு வார்த்த கேக்கல" என்றார்.

மேஸ்திரியை வரவழைத்தார். முன்சுவரில் சீரான இடைவெளி விட்டு ஒவ்வொரு செங்கல்லாக எடுக்கச் சொன்னார். விழுந்த குழிகளில் ஓர் அகல் உட்காரும், காற்று எட்டாது. பூ இல்லை, கோலம் இல்லை, வெறும் குழிதான். அடுத்த தீபத்துக்கு அம்மாவை அழைத்து வந்தார். அம்மா ஒவ்வொன்றாக ஏற்ற, அந்த மொட்டைச் சுவர் முழுக்க வெளிச்சமானது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "எண்ண வழிஞ்சி செங்கல் கறையாயிடும்" என்றார் அம்மா. ஆனால் அதன்பின் அவர் சந்துக்குத் திரும்பவில்லை.

நோய் கண்ட பிறகு அக்கா அம்மாவின் அறையில்தான், அந்த ஜன்னலோரம் படுத்திருந்தார். வலியை வெளியே காட்டிக்கொள்ளாமல், பார்க்க வந்தவர்களை எல்லாம் சாப்பிட்டீங்களா என்று விசாரித்தார். ஒரு நாள் அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "வூடு எப்டிமா இருக்கு?" அம்மா கஞ்சி டம்ளரை நீட்டி, "மொதல்ல இத குடி" என்றார். அக்கா குடித்தார். அந்த வாரமே, ஒரு காலைப் பொழுதில், அம்மாவின் கையைப் பிடித்தபடி கண்மூடினார்.

வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அடுப்பு எரியாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், தினமும் வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மேஸ்திரிக்கும், ஊர் விட்டு ஊர் வந்து தங்கிய தோழிக்கும், பாடையைத் தூக்கியது முதல் காரியம் வரை கூடவே நின்ற சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. இந்தக் கடனை நாங்கள் தீர்க்க முடியாது.

போன மாதம் அதே சித்தப்பா, நல்ல மனசோடுதான், பெயின்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "வருஷ காரியத்துக்கு நாலு பேர் வருவாங்க அண்ணி. முன்னாடி மட்டும் பூசி பளிச்சினு ஆக்கிடலாம்" என்றார். அம்மா வாசலை விட்டு நகரவில்லை.

"வேணாங்க. வூடு நல்லாத்தான் இருக்கு."

பெயின்டர் போனதும் எனக்குக் கோபம் வந்தது. இந்த ஒரு வார்த்தையை அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டே விட்டேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அத கேக்கணும்னுதான்டா அவ உயிரப் புடிச்சினு இருந்தா. சொல்லிட்டா நிம்மதியா போயிடுவாளோன்னு சொல்லாமலே இருந்துட்டேன்" என்றார்.

அக்காவிடம் இதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரியவில்லை. அதனால்தான் அவரை நேசித்த உங்கள் எல்லோரிடமும் சொல்லி வைக்கிறேன்.