தூபம் அணைந்த வீடு

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் நாங்கள் இருந்த காலம். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டைக் காணோம். பனி என்று நினைத்தேன். பனிக்குக் கண் எரியுமா? உச்சிப்பொழுதிலும் சூரியன் குங்குமப் பொட்டளவுதான். காக்கை கத்தவில்லை. ரயில் ஊதுவது கேட்டது, ரயில் தெரியவில்லை. யார் இருமுகிறார்கள் என்றே தெரியாமல் லைன் முழுக்க இருமல்.

மீன் விற்கும் மலாய்க்காரர் கிள்ளான் துறைமுகத்திலிருந்து செய்தி கொண்டுவந்தார். கடலுக்கு அந்தப்பக்கம், டச்சுக்காரன் ஆளும் சுமத்ராவில் காடு எரிகிறதாம்.

"அங்க எரிஞ்சா இங்க எப்படிப் புகையும்? மாரியாத்தா கோவமா எறங்கியிருக்கா," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. என்னைப் போல அவளுக்கும் கைக்குழந்தை.

அம்மைக்குப் பயந்தால் எங்கள் ஆட்கள் செய்வதையே அன்றும் செய்தோம். கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு, தூபக்காலில் கரி மூட்டி, சாம்பிராணியும் வேப்பிலையும் போட்டோம். தூபம் அணைந்த வீட்டுக்குள் மாரியாத்தா நுழைந்துவிடுவாள் என்று பேச்சு.

சாயங்காலம் என் மகன் பால் குடிப்பதை விட்டான். மூச்சுக்கு மூச்சு விலா உள்ளே போயிற்று. பூனைக்குட்டி போல ஒரு சத்தம். உதட்டோரம் நீலம். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். வெளியே தூக்கிக்கொண்டு ஓடலாமென்றால் அங்கேயும் புகை, உள்ளே தூபப் புகை. வந்த ஆத்திரத்தில் குடத்துத் தண்ணீரைத் தூபக்காலில் கொட்டினேன். கதவிடுக்கில் வந்த புகையைத் தடுக்க, சேலையை நனைத்துக் கதவுக்கு உள்பக்கம் தொங்கவிட்டேன்.

கரி சீறிய சத்தம் சுவர் தாண்டி அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. "அடிப்பாவி! ஆத்தா தூபத்துல தண்ணி ஊத்திட்டியா? புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா நீதான் கொன்னேன்னு லைனே சொல்லும்!"

"எந்தச் சாமி, அக்கா, பச்சப்புள்ள மூச்சப் புடிக்கும்? வாய மூடுங்க!"

சொல்லிவிட்டேன். அவள் சொன்னது நிஜமாயிருந்தால்? மகனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள்ளிருந்த புகை மெல்லக் குறைந்தது. அவன் விலா அடங்கியது. பசியில் வீறிட்டு அழுதான். தெய்வமே என்று நானும் அழுதேன்.

அப்போது கதவு கொஞ்சம் திறந்து, சேலை அசைந்தது. காற்றே இல்லை. ஆத்தாதான் என்று மகனை இறுக்கிக்கொண்டேன். சேலைக்கு அடியில் இரண்டு கைகள் நுழைந்தன. கைகளில் அக்காவின் குழந்தை, மூச்சுக்குத் திணறியபடி.

அக்கா உள்ளே வரவில்லை.

"நான் தூபத்த அணைக்க மாட்டேன்டி, எனக்கு ஆத்தாவக் கண்டா பயம். புள்ளைய மட்டும் நீ வெச்சுக்க."