தூசுக் குழாய் மாட்டும் சாண்டர்

அம்பிட்டியவில் என் மரவேலைக் கொட்டகை மகளின் அறையை ஒட்டியே இருக்கிறது. பலகையைத் தேய்த்து வழவழப்பாக்கும் டிரம் சாண்டர் வாங்க இன்று கண்டிக்குப் போனேன். கடையில் இருந்ததிலேயே பெரியதைக் காட்டி, "இதையே தாங்க" என்றேன்.

பக்கத்தில் சாண்ட்பேப்பர் வாங்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் திரும்பினார்.

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா தம்பி?"

"மகள் இருக்கா அக்கா. அவளுக்குக் கொஞ்சம் வீசிங்."

"அப்ப இது வேணாம். தூசு இழுக்கிற குழாய இதுல மாட்ட ஏலாது. நாங்க வாங்கிட்டு, என் மகன் இருமுன இருமல் எனக்குத்தான் தெரியும்."

கடைக்காரர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, "அக்கா சொல்றது சரிதாங்க" என்று குழாய் மாட்டும் சின்ன மெஷினை எடுத்து வைத்தார்.

இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

சின்ன மெஷினில் அகலப் பலகை நுழையாது. என்னிடம் சாப்பாட்டு மேசை கேட்டவர்களே, முக்காலி போதுமா?