லெஷ்னோவில் பிறந்தவர்

வளைகுடா நகரமொன்றின் சத்வா பகுதியில், அரசு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். அங்கே போலந்து நாட்டு நர்ஸ் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். எந்தக் காகிதமானாலும் விரலை வைத்து வரிவரியாகப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

நர்ஸ் வேலைக்கான லைசென்ஸ் விண்ணப்பத்தில் பிறந்த மாகாணம் கேட்டிருந்தது. லெஷ்னோ என்றார். பட்டியலில் அந்தப் பெயரே இல்லை.

"இருக்காது. தொண்ணூற்றெட்டோடு அதைக் கலைத்து, மூன்று மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்," என்றார்.

பக்கத்து சீட்டு நண்பர் என்னிடம் தமிழில் சொன்னார்: "மூணுல ஒண்ணப் போட்டு கலாஸ் பண்ணி முடிங்கண்ணே."

நர்ஸ் சம்மதிக்கவில்லை. "நான் பிறந்தபோது அது லெஷ்னோதானே?" என்றார். அந்த வாரம் லைசென்ஸ் வராவிட்டால் வேலை போய்விடும் என்று சொன்னவரும் அவர்தான். கடைசியில், மாகாணக் கட்டத்தைக் காலியாக விட்டு, குறிப்புப் பகுதியில் 'முன்னாள் லெஷ்னோ மாகாணம்' என்று டைப் செய்து அனுப்பினேன். மூன்றாம் நாள் லைசென்ஸ் வந்துவிட்டது.

வாங்க வந்தவரிடம், "நான் பிறந்த தென்னாற்காடு மாவட்டமும் இப்போது இல்லை. எல்லாவற்றிலும் கள்ளக்குறிச்சி என்றே போட்டுவிடுவேன்," என்றேன்.

"ஏன்?" என்றார்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அடுத்த ஆள் வரும்வரை பதிலுக்காகப் பொறுமையாக நின்றுவிட்டுப் போனார்.