டெல்பின் கேட்ட சத்தியம்

மகள் ஷார்லின் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன பிறகு டெல்பினுக்கு வீட்டில் பொழுது போகவில்லை. காலையில் பினாங்கின் ஜெலுத்தோங் பசாருக்குப் போய் மீன் வாங்கி வந்து, குழம்பு வைத்து இறக்கினால் அன்றைய வேலை முடிந்தது. அப்புறம் அடுக்குமாடியின் நடைபாதையில் காயும் துணியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஐம்பது வயதைத் தாண்டியவளை யார் வேலைக்கு வைப்பார்கள் என்று கணவர் டெஸ்மண்ட் சிரித்தார். முதியோர் இல்லம் ஒன்று வைத்தது. படுக்கையில் கிடந்த மாமியாரை முதுகில் ஒரு புண் வராமல் புரட்டிப் போட்டுப் பார்த்தவள் அவள். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில் பாதியை அவள் கை ஏற்கெனவே செய்திருந்தது.

வேலையில் சேருமுன் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றார்கள். அதற்குத்தான் கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் மோகனராஜ் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

“அக்கா, உங்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி இருக்கு. லிவர்ல தங்குற கிருமி. ரொம்ப நாளா இருந்திருக்கலாம், உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. ஒழுங்கா செக்கப் வந்தா பயப்பட வேண்டியதில்ல. வேலைக்கும் போகலாம்.”

“எனக்கு எப்படி டாக்டர் வந்துச்சு?”

“பிரசவத்துல அம்மாகிட்டேருந்து வரலாம். ரத்தத்துல வரலாம். புருஷன் பொண்டாட்டி உறவுல வரலாம். எதுன்னு இப்ப சொல்ல முடியாது. வீட்டுக்காரரையும் கூடப் பிறந்தவங்களையும் டெஸ்ட்டுக்கு வரச் சொல்லுங்க.”

டாக்டர் மூன்று வழி சொன்னார். டெல்பின் காதில் தங்கியது கடைசி வழி மட்டும்தான். அதற்குக் காரணம் இருந்தது.

டெஸ்மண்ட் தனியார் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் வேலையில் இருந்தார். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. சம்பளம் வீட்டுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் காணிக்கைத் தட்டு பிடிப்பார். வருடத்துக்கு ஒருமுறை மட்டும், கோவில் பையன்களாகச் சேர்ந்து பந்து விளையாடிய பழைய கூட்டம் ஒரு வேன் பிடித்து ஹாட்யாய் போகும். தாய்லாந்து எல்லை தாண்டினால் ஹாட்யாய். பினாங்கில் ஆண்கள் கூட்டமாக அங்கே போகிறார்கள் என்றால் பெண்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். டெல்பினும் அவர் கொண்டுவரும் காய்ந்த மாம்பழத்தை டப்பாவில் போட்டு மூடிவைப்பாளே தவிர, எங்கே தங்கினீர்கள், என்ன செய்தீர்கள் என்று கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னாள். டெஸ்மண்ட் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனக்கு எப்படி வந்துச்சு?”

“அதை நான்தான் உங்களைக் கேக்கணும்.”

“எங்கிட்ட ஏன் கேக்குற? எனக்கு ஒண்ணுமில்லலா. நல்லாத்தானே இருக்கேன்.”

“நானும் நல்லாத்தான் இருந்தேன்.”

அதன் பிறகு அவள் சமைத்தாள், பரிமாறவில்லை. வேண்டியவர் சட்டியைத் திறந்து போட்டுக்கொள்ளலாம். தன் தட்டையும் கோப்பையையும் தனியாக எடுத்து வைத்தாள். சேர்ந்து சாப்பிட்டால் இது தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அதற்காக வைக்கவில்லை.

டெல்பினின் இறந்துபோன அம்மா அமலம்மாள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் பொருள் தொலைந்தாலோ, யார் சொல்வது பொய் என்று தெரியாவிட்டாலோ, அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சந்தேகப்பட்டவர் அதைக் கையில் வாங்கி, செய்யவில்லை என்று சொல்லி ஊதி அணைக்க வேண்டும். பொய் சொல்லி ஊதினால் அந்தப் பாவம் ஊதியவரை விட்டுவிட்டு அவர் பிள்ளையின் தலையில் இறங்கும். பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் கோவில் வாசலிலேயே வைத்துத் திட்டுவார். ஆனாலும் அந்த வீட்டில் பெண் எடுத்தவர்கள் எல்லாரும் அதற்குப் பயந்தார்கள். டெஸ்மண்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் டெல்பின் தன் வீட்டு அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் வத்தியை ஏற்றி நீட்டினாள்.

“பிடிங்க.”

“என்ன விளையாட்டு இது?”

“விளையாட்டு இல்ல. கல்யாணம் ஆனதிலேருந்து உன்னைத் தவிர வேற பொம்பளையைத் தொட்டதில்லைன்னு சொல்லிட்டு ஊதுங்க.”

டெஸ்மண்ட் வாங்கினார். மெழுகு உருகி அவர் கட்டைவிரலில் விழுந்தது. வாயைத் திறந்தார். சுவரில் ஷார்லின் பட்டமளிப்பு உடையில் சிரித்துக்கொண்டிருந்தாள். வத்தியைச் சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டார்.

“பிள்ளையை ஏன் இதுல இழுக்குற? சத்தியம் பண்றது பாவம்னு ஃபாதரே சொல்லியிருக்காரு.”

“ஷார்லின் சின்னப் புள்ளையா இருக்கும்போது உங்க கைக்கடிகாரம் காணலைன்னு அவளை அழ வெச்சு ஊதச் சொன்னீங்களே, அப்ப ஃபாதர் எங்க போயிருந்தாரு?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார். வத்தி தானே எரிந்து முடிந்தது. டெல்பினுக்கு இனி ஒரு பரிசோதனையும் தேவைப்படவில்லை. நோயும் அவர் கொண்டுவந்தது, குற்றமும் அவருடையது என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டாள்.

இருந்தாலும் டாக்டர் விடவில்லை. டெஸ்மண்ட் பயந்துகொண்டே போய்க் கையை நீட்டினார். பட்டர்வொர்த்திலிருந்து டெல்பினின் அண்ணன் மைக்கேலும் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். முடிவு வந்த அன்று டாக்டர் கணவன் மனைவி இரண்டு பேரையும் சேர்த்தே உட்காரவைத்தார்.

“அண்ணே, உங்க உடம்புல இந்தக் கிருமி நுழைஞ்சதே இல்ல. எப்பவோ தடுப்பூசி போட்டிருக்கீங்க.”

“ஆமா டாக்டர், ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்தப்ப மூணு ஊசி போட்டாங்க. மறந்தே போச்சு.”

“அதான் காப்பாத்தியிருக்கு. அக்கா, உங்க அண்ணனுக்கும் இருக்கு. அம்மா எப்படி இறந்தாங்க?”

“வயிறு வீங்கி. கண்ணெல்லாம் மஞ்சளா இருந்துச்சு. பித்தம்னு சொன்னாங்க.”

“அப்ப அம்மாகிட்டேருந்துதான் வந்திருக்கணும், பிறக்கும்போதே. அந்தக் காலத்துல குழந்தைக்கு ஊசி கிடையாது. உங்க மகளுக்குப் பிறந்ததும் போட்டிருப்பாங்க. ஆனாலும் ஒருதடவை பார்த்துக்கச் சொல்லுங்க.”

டெல்பின் தலையைக் குனிந்துகொண்டாள். அமலம்மாளின் வீங்கிய வயிற்றைத் துணி நனைத்துத் துடைத்தது அவள்தான். ஏன் வீங்குகிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அந்தக் கிருமியோடு இத்தனை வருடம் நடமாடிவிட்டு, பக்கத்தில் படுத்தவர் மேல் பழி போட்டாகிவிட்டது.

வெளியே வந்ததும் டெஸ்மண்ட் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். தெருமுனை மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாயும், நுரை ததும்ப ஆற்றிய தே தாரிக் தேநீரும் சொன்னார். பல நாளுக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டார்.

“கேட்டல்ல? டாக்டர் வாயாலேயே கேட்டல்ல? போலீஸ்காரி மாதிரி விசாரிச்சியே, இப்ப என்ன சொல்ற?”

“தப்புதாங்க. மன்னிச்சிருங்க.”

“அப்படி வா வழிக்கு. இன்னொரு தே குடிக்கிறியா?”

அவள் சிரிக்கக்கூடச் சிரித்தாள். மனசில் கிடந்த கல் இறங்கியது போல்தான் இருந்தது. அந்தச் சிரிப்போடுதான் சொன்னாள்.

“வீட்டுக்குப் போனதும் ஒரு வத்தி ஏத்துறேன். அன்னைக்குச் சொன்னதைச் சொல்லி ஊதிடுங்க. அதோட இந்தப் பேச்சையே விட்டுடலாம்.”

டெஸ்மண்ட் ரொட்டியைப் பிய்த்த கையை எடுக்கவில்லை.

“அதான் டாக்டரே சொல்லிட்டாரே.”

“டாக்டர் வியாதியைப் பத்தித்தான் சொன்னாரு.”

“இந்த வியாதியை நான் கொண்டு வரலைன்னு சொல்றேன். பத்து வத்தி வேணும்னாலும் ஊதுறேன்.”

“அது எனக்கே தெரியும். நான் கேட்டது வேற.”

நோயைப் பற்றி மட்டும் அன்றைக்கு அவள் கேட்டிருந்தால் அவர் தயங்காமல் ஊதியிருப்பார். இன்று இருவரும் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார்கள். கோபத்தில் கேள்வியைப் பெரிதாகக் கேட்டுவிட்டாள். கேட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

பக்கத்து மேசையில் நாற்காலிகள் நகர்ந்தன. அவர்கள் எழுந்து போகும்வரை டெஸ்மண்ட் காத்திருந்தார்.

“ஹாட்யாய்ல. போறப்பல்லாம் இல்ல. சில வருஷம். எல்லாரும் போனாங்க டெல்பி. நான் மட்டும் ரூம்ல உக்காந்திருந்தா கிண்டல் பண்ணுவாங்க.”

“கிண்டலுக்குப் பயந்து போனீங்களா?”

அவர் பிய்த்த ரொட்டித் துண்டைத் தட்டிலேயே வைத்தார்.

“தேயைக் குடிங்க. ஆறுது,” என்றாள் டெல்பின்.

அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. ஷார்லினின் அறைக்குத் தன் தலையணையைக் கொண்டுபோனாள். முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது அங்கே படுத்துக் கிடக்கும் கிழவிகளைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, கஞ்சி ஊட்டுகிறாள். கை சுத்தம், பேச்சுக் குறைவு என்று நல்ல பெயர். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை காண்கிறார்கள். வேன் இந்த வருடமும் ஹாட்யாய் போனது, டெஸ்மண்ட் போகவில்லை. அதைச் சொல்லிக்காட்ட அவர் இரண்டு முறை வாயெடுத்தார். டெல்பின் துணி காயப்போடப் போய்விட்டாள். அவளுக்கு லிவர் ஸ்கேன் எடுக்கும் நாளில் அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழே நிற்பார். அவள் அவரைத் தாண்டிப் போய் பஸ் ஏறுவாள்.

போன வாரம் ஷார்லின் போன் செய்தாள். அவளுக்கு அம்மாவின் கிருமியைப் பற்றி மட்டும்தான் தெரியும்.

“எனக்கு நெகட்டிவ்மா, ஊசி நல்லா வேலை செஞ்சிருக்காம். அப்பாவுக்கும் டெஸ்ட் எடுத்தீங்கல்ல? அவருக்கு எப்படி இருக்கு?”

டெஸ்மண்ட் கூடத்தில் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“உங்கப்பாவுக்கு ஒண்ணுமில்ல,” என்றாள் டெல்பின். “ரத்தமெல்லாம் சுத்தமா இருக்காம்.”