குதிரை வரைகிறவர் வரைந்த சின்ன மாமா

சின்ன மாமாவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால் அவர் காணாமல் போனது எனக்குக் கவலையாக இருக்கவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. அது 2009. எனக்குப் பத்து வயது. ஊரில் போர் முடிந்துவிட்டது என்றார்கள், ஆனால் வெளிநாட்டில் இருந்த எங்கள் வீட்டில் டிவியை நிற்பாட்ட ஒருவரும் இல்லை, சிரிக்கவும் ஒருவரும் இல்லை. அந்த வருடம் என் பிறந்தநாளையே மறந்துபோனார்கள். அதற்கும் சின்ன மாமாதான் காரணம் என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

அம்மா வயதுபோனவர்களை வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் கெயர் வேலை செய்தார். அப்பாவுக்குப் பெற்றோல் செட்டில் பகல் ஷிப்ட். ஆகஸ்ட் விடுமுறையில் என்னைத் தனியே விட ஏலாது. வேலைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடாது என்பது ஏஜென்சியின் சட்டம். ஏஜென்சிக்குக் காட்டிக்கொடுக்காத ஆள் ஒருவர்தான் என்று அம்மா நம்பினார். அவர் வீட்டுக்கு மட்டும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். ட்ராமில் இருந்து இறங்கிப் பத்து நிமிட நடை. அறுபது வருடமாகக் குதிரை வரைகிறவர். பந்தயக் குதிரை, வேட்டைக் குதிரை, போலோக் குதிரை, இடைக்கிடை ஓட்ட நாய். இடுப்பு முறிந்து வீட்டோடு இருந்தார். ஒரு கெட்ட வார்த்தை சேர்க்காமல் அவருக்குத் தேத்தண்ணி கேட்கத் தெரியாது. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

நான் இன்றுவரை எத்தனையோ படித்தவர்களைப் பார்த்துவிட்டேன். தன் வேலையை அவ்வளவு தெரிந்த ஆளைப் பார்க்கவில்லை. இளவயதில் செத்த குதிரைகளை வெட்டும் கொட்டிலில் ஒரு மாரிகாலம் முழுவதும் இருந்து, தோல் உரித்த கால்களை வரைந்தாராம். அந்த நாற்றம் தாங்காமல், அறையை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரி துரத்திவிட்டாள். துரத்தினதும் நல்லது, கொட்டிலுக்குப் பக்கத்திலேயே படுக்க இடம் கிடைத்தது என்றார். எந்தக் குதிரையையும் குளம்பில் இருந்துதான் தொடங்குவார். வீட்டைக் கூரையில் இருந்தா கட்டுகிறார்கள் என்று கேட்பார்.

அவரிடம் மற்ற ஓவியர்களின் படங்கள் உள்ள பெரிய புத்தகங்கள் இருந்தன. அவற்றில் கள்ளர்களைப் பிடிப்பது எங்கள் விளையாட்டு. குதிரை உயரமான புல்லுக்குள் நின்றால் வரைந்தவன் கள்ளன். குளம்பு வரையத் தெரியாதவன்தான் புல் வளர்ப்பான் என்பது அவருடைய சட்டம். ஒருநாளில் ஒன்பது கள்ளர்களைப் பிடித்தேன். ஒரு பணக்காரர், விற்கப்போகிற தன் குதிரையின் பின்காலில் இருந்த வீக்கத்தைப் படத்தில் எடுத்துவிடச் சொன்னாராம். முடியாது என்று கிழவர் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வீக்கத்தோடு அந்தக் குதிரை அவர் கழிவறைச் சுவரில் நின்றது.

ஒரு குறை இருந்தது. அவர் படங்களில் குதிரைமேல் இருக்கும் மனிதர்களுக்கு முகம் இல்லை. தொப்பி நிழலுக்குள் ஒரு பொட்டு, அவ்வளவுதான். நான் கேட்டேன். முகத்துக்காக ஒருத்தனும் தன்னிடம் வரவில்லை, வந்திருந்தாலும் தனக்கு வராது என்றார். வெட்கப்படவில்லை.

அந்த நேரத்தில்தான் ஊரில் இருந்து ஒரு செய்தி வந்தது. போர் முடிந்ததும் சனத்தை அடைத்துவைத்த முகாம்களுக்குள் போய்வர அனுமதி உள்ள ஒரு பாதர், ஆளைத் தேட ஏதாவது படம் அனுப்பச் சொல்லியிருந்தார். எங்களிடம் மாமாவின் ஒன்பது வயதுப் படம் ஒன்றுதான் இருந்தது. சமாதான காலத்தில் அம்மா தனியே போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தவர். அப்போது மாமா தன்னைப் படம் எடுக்க விடவில்லையாம். அம்மா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், தான் சேர் என்று கூப்பிடும் கிழவரின் காலைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்; அம்மாவின் பேச்சை இங்கிலிஷில் மாற்றிச் சொல்லுகிறவள் நான்தான்.

"சேரிட்டைக் கேள், என்ரை தம்பியைக் கீறித் தருவாரோ எண்டு."

கேட்டேன். தனக்கு முகம் வராது என்றார்.

"முகம் வேண்டாம் எண்டு சொல்லு. ஆள் வந்தாச் சரி."

கிழவர் கரிக்கட்டியை எடுத்தார். நிற்கும்போது பாரம் எந்தக் காலில்? எந்தத் தோள் இறக்கம்? கழுத்து முன்னுக்கா? கை எங்கே இருக்கும்? ஒவ்வொன்றுக்கும் அம்மா நீளநீளமாகச் சொன்னார். எனக்கு அலுத்துப்போயிற்று. அவர் நல்லவராம் என்றேன். வடிவானவராம் என்றேன். கிழவர் நிமிர்ந்து பார்த்தார். உன் அம்மா மூன்று நிமிடம் பேசினார், நீ மூன்று வார்த்தை சொல்கிறாய், மற்றதையெல்லாம் தின்றுவிட்டாயா என்றார். எனக்குக் கோபம் வந்தது. அம்மா சொல்லாததையும் சேர்த்து, அவர் பெரிய வீரராம் என்றேன்.

"வீரத்தை எந்தப் பக்கத்தில் வரைவது?" என்றார். பிறகு, "உன் அம்மாவை, தம்பிபோல நடந்து காட்டச் சொல்."

அம்மா கையைத் துவாயில் துடைத்துவிட்டு எழுந்தார். எங்கள் அம்மா வெட்கக்காரி. ஆனால் அன்று அந்த அறையில் ஒரு ஆம்பிளைபோல நடந்தார். கிழவர் மற்றப் பக்கம் திரும்பி நடக்கச் சொன்னார். இன்னுமொருமுறை என்றார். குதிரை வாங்க வந்தவன் பார்ப்பதுபோலக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், அந்தக் கால் எந்த இடத்தில் முடிகிறது என்று.

மாமா சைக்கிளால் விழுந்து நொண்டுகிறவர் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கேள்வியே பிழை என்று நினைத்துக்கொண்டுதான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா துவாயை மடித்து வைத்தார்.

"முழங்காலுக்குக் கீழை. மிதிவெடி. நீ ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது, விளங்குதோ?"

அம்மா மறைத்ததை, தமிழ் தெரியாத ஒரு கிழவர் அம்மாவின் நடையிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

அவர் காலில் இருந்து தொடங்கினார். நல்ல கால். பிறகு செயற்கைக் கால், அதற்குள் பாரம் போகாமல் பிடித்துக்கொண்ட இடுப்பு, அதனால் இறங்கிய தோள். முகம் ஒரு அரிசியளவு. ஆனால் ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான். அவ்வளவு உயிரோடு ஒரு படத்தை நான் அதற்கு முதலும் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை.

"இவன்தான். இப்பிடித்தான் கேற்றடியிலை நிண்டவன்," என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு அம்மாவின் முகம் மாறியது. உள்ளங்கையால் அந்தக் காலை மறைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி மறைத்தார்.

"காலை மாத்தச் சொல்லு."

"அவர் மாத்தமாட்டார் அம்மா. குதிரைக்கே மாத்தேல்லை."

"நீ சொல்லடி."

சொன்னேன். நீங்கள் செய்யமாட்டீர்கள்தானே என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். கிழவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தார். இந்தப் படம் யார் யார் கைக்குப் போகும் என்று கேட்டார்.

"பாதரிட்டை. அதுக்கு முதல் முகாம் வாசல்லை நிக்கிற ஆமிக்காரர் வாங்கிப் பாப்பாங்கள்," என்றார் அம்மா. அன்று நான் ஒரு சொல்லும் குறைக்காமல், கூட்டாமல் சொன்ன ஒரே பதில் அதுதான்.

அவர் புதுத்தாள் எடுத்தார். அதே தோள், அதே கழுத்து, அதே கை. இந்தமுறை தலையில் இருந்து தொடங்கினார். முழங்காலுக்கு வந்ததும் புல் வளர்த்தார். தொடைவரை, அடர்த்தியாக, காற்றில் சரிந்த புல். அறுபது வருடமாக வரையாததை முதல்முறை வரைந்த மாதிரியே இருக்கவில்லை. முடிந்ததும் முதல் படத்தை நான்காகக் கிழித்து, தன் கால் கழுவிய வாளித் தண்ணீரில் போட்டார். கரி கரைந்து தண்ணீர் கறுத்தது.

"கள்ளன்!" என்று இங்கிலிஷில் கத்தினேன்.

"ஆமாம்," என்றார். "புல் எப்படி வந்திருக்கிறது?"

திரும்பி வரும்போது ட்ராமில் அம்மா அந்தச் சுருளை மடியில் வைத்திருந்தார். நான் சும்மா இருக்கவில்லை. அவரும் கள்ளன், நீங்களும் கள்ளி என்றேன். அம்மா எல்லோர் முன்னாலும் என் கன்னத்தில் அறைந்தார். ஒரு வெள்ளைக்காரி முறைத்தாள். அம்மா அவளைத் திரும்பி முறைத்தார்.

நான் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. அப்பா தன் ஷிப்டை மாற்றவேண்டி வந்தது. சின்னவள் ஏன் வருவதில்லை என்று கிழவர் ஒவ்வொரு நாளும் கேட்டாராம். அடுத்த வருடம் செத்தும் போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

மாமா வரவில்லை. படத்தை முகாமில் இரண்டு பேர் அடையாளம் கண்டு, இது எங்கள் ஊர்ப் பெடியன்தான் என்றார்களாம். முகமில்லாத படத்தை. அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை.

அந்த முகாம்களில் ஒரு இளந்தாரிக்கு ஒரு கால் இல்லையென்றால் அடுத்த கேள்வி நீ இயக்கத்தில் சண்டை பிடித்தவனா என்றுதான் இருக்கும், அதற்குப் பிறகு அவன் எங்கே கொண்டுபோகப்படுவான் என்பது அன்று அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்கு விளங்கியிருந்தது. ஒருவருக்கு இங்கிலிஷ் வராது. மற்றவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டும் தெரிந்த எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.